சுருக்கி எழுதும் அதிகாரம்

பல்கலைக்கழகத்தில் யாரும் சொல்லித்தராமலேயே மதிப்பெண் போடும் வேலை ஒன்று உண்டென்றால் அது சுருக்கம் எழுதுவதுதான். முதுகலை முதல் செமஸ்டரிலேயே நாற்பது பக்கக் கட்டுரையைக் கையில் கொடுத்து, "படித்துவிட்டு ஒரு பக்கத்தில் எழுதி வாருங்கள்" என்பார்கள். எப்படி எழுதுவது என்று கேட்டால், "அதுகூடத் தெரியாமலா இங்கே வந்தீர்கள்?" என்கிற பார்வைதான் பதில். முனைவர் பட்டத்துக்குப் போனால் சினாப்சிஸ், அப்ஸ்ட்ராக்ட், லிட்டரேச்சர் ரிவியூ என்று பெயர்கள் மாறும். எல்லாமே சுருக்கம்தான். ஒருவர் சொன்னதைக் குறைந்த சொற்களில், பிசகாமல், அவர் சொன்னதாகவே சொல்லுவது.

பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்கு இது சாப்பாட்டு மேசையிலேயே வந்துவிடும். "என்னம்மா படிச்ச, என்ன சொல்றார் அவர்?" என்று கேட்க அங்கே ஆள் இருக்கிறார்கள். ஆதிதிராவிடர் நல விடுதியிலிருந்து படித்து வந்த நம் பிள்ளையிடம் அந்தக் கேள்வியைக் கேட்க யாருமில்லை. பள்ளியில் அவருக்குக் கிடைத்தது 'சுருக்கி வரைக' என்ற ஒரே ஒரு வினா. கொடுத்த பத்தியை மூன்றில் ஒரு பங்காக்கு, தலைப்பு இடு, முடிந்தது. உதாரணங்களையும் உவமைகளையும் அடித்துவிட்டு மிச்சத்தை ஒட்டவைத்தால் ஐந்து மதிப்பெண். அதே பழக்கத்தோடு ஒரு சமூகவியல் கட்டுரையை அணுகினால் என்ன ஆகும்? அந்தக் கட்டுரையில் உதாரணம்தான் வாதமே என்றால், வாதம் போய்விடும். தாளில் சிவப்பு மையில் 'புரிதல் போதவில்லை' என்று வரும். பையன் தனக்கு மூளை போதவில்லை என்று நினைத்துக்கொள்வான். நான்கு வாரம் உட்கார்ந்து பழகினால் வந்துவிடுகிற கைவேலையை, பிறவித் திறமை போலக் காட்டுகிறது இந்தப் பார்வை. எங்கே இதைப் பார்த்தாலும் நமக்குச் சந்தேகம் வர வேண்டும்.

ஆனால் இந்தக் கட்டுரை மதிப்பெண்ணோடு நிற்கப்போவதில்லை. ஒரு நூலை நூறு பேர் படித்தால் அதன் சுருக்கத்தைப் பத்தாயிரம் பேர் படிக்கிறார்கள். பாடநூல் என்பது சுருக்கம். தீர்ப்பைப் பற்றிய பத்திரிகைச் செய்தி சுருக்கம். போட்டித் தேர்வு கைடு, சுருக்கத்தின் சுருக்கம். அதை எழுதுகிறவர் எதை விட்டாரோ அது நடக்கவே இல்லை என்று ஒரு தலைமுறை நம்பும். அந்தப் பேனா இத்தனை காலம் யார் கையில் இருந்தது என்பதை நாம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

நன்னூல் ஒரு நூலுக்குரிய அழகுகளைப் பத்தாகச் சொல்கிறது. முதல் அழகு சுருங்கச் சொல்லல். அடுத்தது விளங்க வைத்தல். அதே நன்னூல் குற்றங்களையும் பத்தாகச் சொல்கிறது. அதில் முதல் குற்றம் குன்றக் கூறல், அதாவது சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்வது. முதல் அழகையும் முதல் குற்றத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் சொற்கள் குறைகின்றன. ஒன்றில் பொருள் நிற்கிறது, இன்னொன்றில் பொருள் போகிறது. இலக்கணம் நடத்துகிறவர்கள் இதை மனப்பாடப் பகுதியாக நடத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். நமக்கு இது அன்றாட அரசியல்.

அம்பேத்கரின் 'சாதி ஒழிப்பு' நூலையே எடுத்துக்கொள்வோம். தேர்வுக் குறிப்புகளிலும் மேடைகளிலும் அதன் சாரமாகச் சொல்லப்படுவது என்ன? "சாதியை ஒழிக்கக் கலப்பு மணமே வழி என்றார் அம்பேத்கர்." பொய்யா இது? இல்லை, அவர் அப்படிச் சொல்லத்தான் செய்தார். ஆனால் அந்த வாதம் நடக்கிற நடையைக் கவனியுங்கள். உட்சாதிகளை முதலில் ஒழிக்கலாமே என்கிறவர்களை எடுத்துக்கொண்டு, அது பயன்படாது என்று காட்டுகிறார். சேர்ந்து உண்பது போதாதா என்கிறவர்களிடம், அப்படி உண்கிற சாதிகளிடமும் சாதி உணர்வு அழியவில்லையே என்கிறார். அதன் பிறகுதான் கலப்பு மணத்துக்கு வருகிறார், அதுவே உண்மையான மருந்து என்கிறார். அத்தோடு நின்றாரா? அடுத்த கேள்வியைப் போடுகிறார்: அப்படியானால் ஏன் மிகப் பெரும்பாலோர் அதைச் செய்வதில்லை? சாதியைக் கடைப்பிடிக்கிறவர் கெட்ட மனிதர் என்பதால் அல்ல, அவர் தன் மதத்தை உண்மையாகப் பின்பற்றுவதால். ஆகவே பகைவர் சாதியைப் பிடித்திருக்கும் மக்கள் அல்லர், அவர்களுக்கு அதைப் புனிதம் என்று கற்பிக்கும் சாஸ்திரங்கள். சாஸ்திரங்களின் புனிதத்தில் உள்ள நம்பிக்கையை அழிக்காமல் கலப்பு மணம் என்று கூவுவது வீண். வாதம் வந்து சேருகிற இடம் இதுதான்.

மூன்றாவது படியில் நிறுத்திக்கொண்ட சுருக்கம் யாருக்கு வசதி? கலப்பு மணத்துக்கு உதவித்தொகை தரும் ஒன்றிய அரசுத் திட்டத்துக்கு அம்பேத்கர் பெயர் வைத்தாயிற்று. சாஸ்திரத்தைப் பற்றி யாரும் வாய் திறக்க வேண்டியதில்லை. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். இந்த உரை 1936இல் லாகூரில், ஜாத்-பாத்-தோடக் மண்டலின் மாநாட்டில் தலைமையுரையாக நிகழ்த்தப்பட வேண்டியது. அழைத்தவர்கள் உரையைப் படித்துவிட்டு வேதங்களைப் பற்றிய பேச்சையும், இந்து மதத்தைவிட்டு வெளியேறும் முடிவைச் சொல்லும் கடைசிப் பகுதியையும் எடுத்துவிடச் சொன்னார்கள். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற முடியாது என்றார் அவர். மாநாடு நடக்கவில்லை. தன் செலவில் 1500 படிகள் அச்சிட்டு வெளியிட்டார். ஆக, அன்று லாகூர்க்காரர்கள் எந்தப் பகுதியை வெட்டச் சொன்னார்களோ, அதைத்தான் இன்று நம் கைடு புத்தகங்கள் வெட்டியிருக்கின்றன. அம்பேத்கர் மறுத்த வெட்டை, சுருக்கம் என்ற பெயரில் நடத்தி முடித்துவிட்டார்கள். கத்தரிக்கோல்கூடத் தேவைப்படவில்லை.

பூனா ஒப்பந்தமும் அப்படித்தான். "1932 செப்டம்பரில் கையெழுத்தான ஒப்பந்தத்தால் ஒடுக்கப்பட்ட வகுப்பினரின் இடங்கள் 71இலிருந்து 148ஆக உயர்ந்தன" என்று எழுதினால் எண்கள் சரி, தேதி சரி. ஆனால் ஆகஸ்ட் மாத வகுப்புவாரித் தீர்ப்பு தந்திருந்தது இடங்களை மட்டுமல்ல. தங்கள் பிரதிநிதியைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் தனித் தொகுதியையும், பொதுத் தொகுதியில் இன்னொரு வாக்கையும் சேர்த்துத் தந்தது. காந்தியின் உண்ணாவிரதத்துக்குப் பிறகு போனது அந்த இரட்டை வாக்கும், தனித் தேர்வும். வந்ததைச் சொல்லிப் போனதைச் சொல்லாத கணக்கு எந்த ஊர்க் கணக்கு?

இனி இலக்கணத்துக்கு வருவோம். வினைச்சொல்லில்தான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள்.

கீழ்வெண்மணியை ஒரே வாக்கியத்தில் எழுதச் சொன்னால் பெரும்பாலும் வருவது இது: "1968இல் கூலிப் பிரச்சினை தொடர்பாக ஏற்பட்ட மோதலில் 44 பேர் உயிரிழந்தனர்." மோதல் தானாக 'ஏற்பட்டது'. அவர்கள் தாமாக 'இழந்தார்கள்'. காய்ச்சலில் போனவருக்கும் இதே வினைதான். கொஞ்சம் விவரம் தெரிந்தவர் "44 தலித்துகள் எரித்துக் கொல்லப்பட்டனர்" என்று எழுதுவார். இப்போது இறந்தவர் யார் என்று தெரிகிறது, கொன்றவர் இன்னும் வரவில்லை. செயப்பாட்டு வினை அவருக்குக் கதவைத் திறந்து அனுப்பி வைத்துவிட்டது. எங்கள் வாசிப்பு வட்டத்தில் நாங்கள் எழுதிப் பார்த்து நிறுத்திக்கொண்ட வடிவம் இது:

"1968 டிசம்பர் 25 இரவு, செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்து கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர்களின் கீழ்வெண்மணிக் குடியிருப்பை நிலவுடைமையாளர்களும் அவர்களது ஆட்களும் தாக்கினர்; ஒரு குடிசைக்குள் தஞ்சமடைந்திருந்த பெண்கள், குழந்தைகள், முதியோர் 44 பேரை எரித்துக் கொன்றனர். கீழ்நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது."

இதில் 'கொடூரமான' இல்லை, 'மனிதாபிமானமற்ற' இல்லை, ஆச்சரியக்குறியும் இல்லை. யார், யாரை, எப்போது, எதற்காக, என்ன செய்தார், பிறகு என்ன ஆயிற்று என்பது மட்டும் இருக்கிறது. சுருக்கம் என்றால் சொல்லைக் குறைப்பது மட்டும் என்று நினைப்பவருக்கு இது நீளமாகத் தோன்றலாம். தோன்றட்டும். நீதிமன்ற வாக்கியத்தை ஏன் சேர்த்தோம் என்று ஒரு தங்கை கேட்டார், அது நமக்கு எதிராகப் போகாதா என்று. உண்மையை விட்டால் எதிராளி அதைக் கண்டுபிடித்து எடுத்துக் காட்டுவார், அப்போது நம் மற்ற வாக்கியங்களும் சேர்ந்து விழும். அதோடு, 44 பேரைக் கொன்ற வழக்கு எங்கே போய் முடிந்தது என்பதைவிடக் கடுமையான விமர்சனத்தை நம்மால் எழுதிவிடவும் முடியாது.

இந்த இடத்தில் 'நடுநிலை' வரும். நம் தோழர் ஒருவர் தன் மாவட்டத்தில் நடந்த கோயில் நுழைவு மறுப்பைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு சினாப்சிஸ் எழுதிக் கொடுத்தார். 'உணர்ச்சிவசப்பட்ட நடை, ஆய்வு மொழி தேவை' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. எந்தச் சொல் உணர்ச்சிவசப்பட்டது என்று கேட்டதற்கு, "ஆதிக்க சாதியினர் பூட்டினர் என்று ஏன் எழுத வேண்டும், கோயில் பூட்டப்பட்டது என்றாலே போதுமே" என்று பதில். உணர்ச்சிச் சொல் என்று அவர் விரல் வைத்தது எழுவாயின் மேல்! வருவாய்த் துறை அறிக்கையிலேயே பூட்டியவர்கள் இன்னார் என்று இருந்தது. தோழர் அந்த அறிக்கையின் தேதியையும் எண்ணையும் அதே வாக்கியத்தில் சேர்த்து, எழுவாயை எழுவாயாகவே விட்டுத் திரும்பக் கொடுத்தார். இரண்டாம் முறை குறிப்பு எதுவும் வரவில்லை. எல்லா இடத்திலும் இப்படி நடக்கும் என்று நாம் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் சண்டை போடவேண்டிய முறை இது. அவர்கள் எழுவாயை எடுக்கச் சொன்னால் நாம் ஆதாரத்தைக் கொண்டுவந்து எழுவாய்க்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும். பதிலுக்கு இன்னும் நான்கு உரிச்சொற்களைச் சேர்த்தால் அவர் சொன்னது சரி என்றாகிவிடும்.

கல்விப்புலச் சுருக்கம் எழுத முன்மாதிரி வேண்டும் என்கிறவர்கள் வெளியே தேட வேண்டாம். 1916 மே 9 அன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில், கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில் ஒரு மாணவர் கட்டுரை வாசித்தார். வயது 25. 'இந்தியாவில் சாதிகள்' என்ற அந்தக் கட்டுரை அடுத்த ஆண்டு 'இந்தியன் ஆன்டிகுவரி' இதழில் வந்தது. அதன் தொடக்கப் பகுதியை மட்டும், இந்தக் கண்ணோடு, மறுபடி படியுங்கள். செனார், நெஸ்ஃபீல்ட், ரிஸ்லி, கேட்கர் ஆகிய நான்கு பேரின் வரையறைகளை எடுக்கிறார். முதலில் அவரவர் சொன்னதை அவரவர் சொன்னபடியே வைக்கிறார். பிறகு மொத்தமாக ஒரு கணிப்பு: தனித்தனியே பார்த்தால் இவை ஒன்று அளவுக்கு மீறி உள்ளே இழுக்கின்றன அல்லது அளவுக்குக் குறைவாகப் பிடிக்கின்றன; எல்லாம் சேர்ந்து ஒன்றுக்கொன்று துணையாகவும் இருக்கின்றன. பிறகு ஒவ்வொருவரிடமும் போகிறார். செனார் தீட்டை முன்னால் வைக்கிறார். அது சாதிக்கு மதச் சாயல் இருக்கும் அளவுக்குத்தான் பொருந்தும். நெஸ்ஃபீல்ட் வெளியாரோடு உண்ணாமையைச் சொல்கிறார்; விளைவைக் காரணமாக எடுத்துக்கொண்டார். ரிஸ்லியிடம் புதிதாக ஒன்றும் இல்லை, ஒரே வரியில் கடந்து போகிறார். (புகழ்பெற்ற பெயர் என்பதற்காக எல்லோருக்கும் சம இடம் ஒதுக்குகிற பழக்கம் அவரிடம் இல்லை. லிட்டரேச்சர் ரிவியூவில் ஆளுக்கு ஒரு பத்தி என்று அரிசி அளக்கிறவர்கள் கவனிக்கவும்.) கேட்கரிடம் அதிக நேரம் நிற்கிறார், ஏனென்றால் அவர்தான் சாதியைத் தனியாகப் பார்க்காமல் சாதிகளின் அமைப்புக்குள் வைத்துப் பார்த்தவர். அவர் இரண்டாகச் சொன்ன பண்புகள் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள்தாம் என்று காட்டி, அங்கிருந்து அகமணம் என்ற தன் கருத்துக்குப் படி கட்டிக்கொள்கிறார்.

கட்டுரை முடியும்போது தன் வாதத்தையும் தானே நான்கு புள்ளிகளாகச் சுருக்கித் தருகிறார்: மக்கள் கலப்பானவர்கள் என்றாலும் பண்பாட்டு ஒற்றுமை உண்டு, அந்தப் பெரிய அலகைத் துண்டு துண்டாக்கியதே சாதி, தொடக்கத்தில் ஒரு சாதிதான் இருந்தது, போலச்செய்தலாலும் விலக்கி வைத்தலாலும் வகுப்புகள் சாதிகளாயின. சுருக்கும் வேலையைப் பிறரிடம் விட்டால் என்ன ஆகும் என்று அந்த வயதிலேயே தெரிந்திருந்ததோ என்னவோ. உங்கள் ஆய்வின் அப்ஸ்ட்ராக்டை நீங்கள் ஒழுங்காக எழுதாவிட்டால், மேற்கோள் காட்டுகிறவர் தனக்கு வேண்டிய ஒன்றை எழுதிக்கொள்வார்.

எதிராளியைச் சுருக்குவது இதைவிடக் கடினம், இதைவிட முக்கியம். காந்தி 1936 ஜூலையில் 'ஹரிஜன்' இதழில் 'சாதி ஒழிப்பு' நூலை விமர்சித்து எழுதினார். அடுத்த ஆண்டு இரண்டாம் பதிப்பு வந்தபோது அம்பேத்கர் என்ன செய்தார்? காந்தியின் கட்டுரையைத் தன் நூலிலேயே முழுதாக அச்சிட்டார். பதில் எழுதும்போது தன் உரையின் முக்கிய வாதங்களை வரிசை எண் போட்டு எழுதி, மகாத்மா எழுப்பும் கேள்விகள் இவற்றில் எதையும் தொடவில்லை என்று காட்டினார். அதன் பிறகு காந்தியின் வாதங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொன்னார். மேற்கோள் காட்டிய நூல்கள் நம்பத்தக்கவையல்ல என்றது ஒன்று, ஒரு மதத்தை அதன் மோசமானவர்களை வைத்து எடைபோடக் கூடாது, சிறந்தவர்களை வைத்தே எடைபோட வேண்டும் என்றது இன்னொன்று. படிக்கிறவர் இரண்டு பக்கமும் புரட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம். அவ்வளவு துணிச்சல்.

நம் மேடைகளில் இப்போது நடப்பது வேறு. காந்தியின் அந்தக் கட்டுரையை நான்கு வாக்கியத்தில், காந்தியவாதி ஒருவர் கேட்டு "ஆமாம், இதைத்தான் சொன்னார்" என்று ஒப்புக்கொள்ளும்படி சொல்லுங்கள் என்றால், பத்தில் எட்டுப் பேர் முதல் வாக்கியத்திலேயே திட்ட ஆரம்பிக்கிறார்கள். "அவர்கள் நமக்கு நியாயம் செய்தார்களா, நாம் ஏன் அவர்களுக்குச் செய்ய வேண்டும்?" என்ற கேள்வி வரும். அவர்களுக்காக யார் செய்யச் சொன்னது? தேர்வாளர் அந்தக் கட்டுரையைப் படித்தவராக இருப்பார். நாம் வைக்கோல் பொம்மையைக் கட்டி உதைத்தால், நிஜமான ஆள் நிற்கிற இடத்தில் அப்படியே நின்றுகொண்டிருப்பார். திட்டுவதற்குச் சுருக்கம் முடிந்த பிறகு நிறைய இடம் இருக்கிறது. சுருக்கம் ஒரு பத்தி, விமர்சனம் அடுத்த பத்தி. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் பிசையாதீர்கள்.

இனி எப்படிச் செய்வது. நாங்கள் செய்து பார்த்ததைத்தான் சொல்கிறோம்.

முதல் வாசிப்பில் பேனா எடுப்பதில்லை. அடிக்கோடு போடுகிறவர் பாதிப் பக்கத்துக்கு அடிக்கோடு போட்டுவிடுவார், பிறகு அதையே காப்பி எடுப்பார். படித்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி: இந்த ஆசிரியர் யாரோடு சண்டை போடுகிறார்? கல்விக் கட்டுரை எதுவும் சும்மா எழுதப்படுவதில்லை. யாரோ ஒன்று சொல்லியிருப்பார்கள், அதை மறுக்கவோ திருத்தவோதான் இவர் எழுதுகிறார். அந்த எதிராளி பெரும்பாலும் முதல் மூன்று பக்கத்துக்குள் இருப்பார். அவரைக் கண்டுபிடித்துவிட்டால் கட்டுரையின் முதுகெலும்பு கைக்கு வந்துவிடும்.

அடுத்து, தாளை மூடிவிட்டு, பக்கத்தில் இருப்பவருக்கு வாயால் சொல்ல வேண்டும். தமிழில், பேச்சுத் தமிழில். "இவர் என்ன சொல்றார்னா..." என்று தொடங்கி நிற்காமல் இரண்டு நிமிடம் சொல்ல முடிந்தால் புரிந்துவிட்டது. எங்கே திணறுகிறோமோ அந்தப் பக்கத்தை மட்டும் திரும்பப் படித்தால் போதும். ஆங்கிலக் கட்டுரைக்கு ஆங்கிலத்தில்தான் குறிப்பெடுக்க வேண்டும் என்ற சட்டம் எங்கும் இல்லை. தமிழில் யோசித்து, தமிழில் சுருக்கி, கடைசியில் ஆங்கிலத்துக்குப் போனால் வாக்கியம் எளிமையாக வரும். எளிமையாக இருப்பதாலேயே தரம் குறைந்தது என்று கருதுகிற வழிகாட்டிகள் உண்டு. அவர்களிடம் 1916ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஆங்கிலத்தைக் காட்டலாம்.

பிறகுதான் எழுத்து. முதல் வாக்கியத்திலேயே யார், எந்த ஆண்டு, எந்த நூல், மைய வாதம் என்ன என்பது வந்துவிட வேண்டும். 'பழங்காலந்தொட்டே சாதி என்பது...' என்று தொடங்கும் முன்னுரையை வெட்டித் தள்ளுங்கள். அதன் பின் வாதத்தின் படிகள், நூலின் அத்தியாய வரிசையில் இருக்க வேண்டிய அவசியமில்லை, வாதத்தின் வரிசையில் இருந்தால் போதும். சான்றுகளில் எது இல்லாவிட்டால் வாதம் விழுமோ அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வினைச்சொல்லை எடை போட்டுப் போடுங்கள்: கூறுகிறார், வாதிடுகிறார், மறுக்கிறார், ஒப்புக்கொள்கிறார், நிறுவுகிறார் எல்லாம் ஒன்றல்ல. 'நிறுவுகிறார்' என்று எழுதினால் நீங்களும் அதை ஏற்றுக்கொண்டீர்கள் என்று பொருள். ஆசிரியர் 'இந்த இரண்டு கிராமங்களில்' என்று சொன்னதை 'தமிழகத்தில்' என்று பெருக்காதீர்கள். அவர் 'பெரும்பாலும்' என்று போட்ட இடத்தில் அந்தச் சொல்லைத் தொலைக்காதீர்கள். ஒரு சொல்தானே என்று விடுவதுதான் பெரிய பிசகாக முடிகிறது.

எழுதி முடித்ததும் நாங்கள் செய்யும் சோதனை ஒன்று உண்டு. கட்டுரையைப் படிக்காத ஒருவரிடம் சுருக்கத்தைக் கொடுத்து, யார் எதைச் செய்தார்கள் என்று கேட்போம். அவரால் சொல்ல முடியாவிட்டால் எங்கோ எழுவாய் விழுந்திருக்கிறது.

நகலெடுப்பதைப் பற்றி ஒன்று. யூஜிசியின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி ஆய்வேட்டில் ஒப்புமை 10 சதவீதத்தைத் தாண்டினால் திருத்தித் திரும்பக் கொடுக்க வேண்டும், 40ஐத் தாண்டினால் ஓராண்டு தடை, 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. நம் பிள்ளைகள் பெரும்பாலும் திருட்டு எண்ணத்தில் மாட்டுவதில்லை. ஆங்கில வாக்கியம் முழுதாகப் பிடிபடாமல், பயத்தில், இரண்டு சொல்லை மட்டும் மாற்றிப் போட்டு மாட்டுகிறார்கள். தாளை மூடிவிட்டுச் சொல்லும் பழக்கம் இருந்தால் இந்த ஆபத்து தானாகக் குறையும். செல்பேசியில் கட்டுரையைப் போட்டால் பத்து நொடியில் சுருக்கம் தரும் கருவிகள் வந்துவிட்டனவே என்பார்கள். வந்துவிட்டன. 'மோதல் ஏற்பட்டது' என்றே எழுதிக் குவிக்கப்பட்ட குவியலில் படித்த கருவி எந்த வினையை எடுத்துத் தரும் என்று ஒருமுறை நீங்களே சோதித்துப் பாருங்கள். சோதிப்பதற்கும் உங்களுக்குச் சுருக்கம் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் சிக்கல்.

லிட்டரேச்சர் ரிவியூ என்பது சுருக்கங்களைக் கோத்த மாலை. யாரைக் கோக்கிறோம் என்பதிலும் அரசியல் இருக்கிறது. தமிழகத்தில் சாதி எதிர்ப்பின் வரலாற்றை 1916இல் தொடங்கும் ஆய்வேடுகள் எத்தனை! ரெட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கியது 1893. அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கியது 1907. அவர் 1914இல் இறந்தே போய்விட்டார். அவருடைய எழுத்துகள் தொகுதிகளாகக் கிடைக்கத் தொடங்கி இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் ஆகிறது. இன்னும் அவர் அடிக்குறிப்பில்தான் நிற்கிறார் என்றால், படிக்கக் கிடைக்கவில்லை என்ற சாக்கு இனிச் செல்லாது. கோபால் குரு 2002இல் எழுதிய ஒரு கட்டுரை சமூக அறிவியலுக்குள்ளேயே இருக்கும் படிநிலையைக் காட்டியது. கோட்பாடு எழுதுவது ஒரு கூட்டத்துக்கு, தரவு திரட்டுவது மற்றவர்க்கு. தலித் மாணவர் கள ஆய்வுக்கு நல்லவர், கருத்துச் சொல்ல வேறு ஆள் உண்டு என்ற மனப்பான்மை. ஒரு கோட்பாட்டு நூலைத் தன் சொற்களில் சுருக்கி, அதன் விரிசலைக் காட்டுகிற மாணவர், அந்தப் படியில் ஒன்றைத் தாண்டிவிடுகிறார். அதனால்தான் இது சின்ன வேலை இல்லை என்கிறோம்.

நேர்முகத் தேர்விலும் இதுதான். "உங்கள் ஆய்வைப் பற்றி இரண்டு நிமிடத்தில் சொல்லுங்கள்" என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் நஃபே குழு 2016இல் தந்த அறிக்கை, எழுத்துத் தேர்விலும் நேர்முகத்திலும் மாணவர்கள் வாங்கிய மதிப்பெண்களை ஒப்பிட்டு, சமூகப் பிரிவுவாரியாகப் பாகுபாடு தெரிகிறது என்றது. நேர்முகத்துக்கான மதிப்பெண்ணை 30இலிருந்து 15ஆகக் குறைக்கவும் சொன்னது. எதிரே அமர்ந்திருப்பவரின் மனதை நாம் எழுதும் சுருக்கம் மாற்றிவிடாது. அதற்கு அமைப்பாகப் போராட வேண்டும், போராடிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் 'தெளிவில்லை' என்று எழுத அவருக்கு ஒரு சாக்கை நாமே எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை.

எங்கள் வட்டம் அடுத்ததாக எடுத்திருப்பது 'சாதி ஒழிப்பு' இரண்டாம் பதிப்பின் பின்னிணைப்பு, அதாவது காந்தியின் கட்டுரையும் அம்பேத்கரின் பதிலும். இரண்டையும் தலா 150 சொற்களில் எழுதிக்கொண்டு வாருங்கள். காந்தியைச் சுருக்கியதை முதலில் வாசிக்கச் சொல்வோம். அதில் அம்பேத்கரின் குரல் ஒரு இடத்தில் கேட்டாலும் திருப்பி எழுதச் சொல்வோம். விடுதியில் பிரிண்ட் எடுக்க வசதி இல்லாதவர்கள் கையால் எழுதி வந்தால் போதும்.